சேசு சொன்னதாக நான் சொன்னது

1

நான் இறந்துவிட்டேன் என்ற செய்தியைச் சென்ற செவ்வாய்க்கிழமை கோலாலம்பூரில் குடிவரவுக் கந்தோரில் வைத்து எனக்குத் தெரிவித்தார்கள். தெரிவித்தவர் நம் யாழ்ப்பாணத்து ஆள். கட்டையான, சுத்தமான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனை. என் மனைவியையும் மகனையும் ஊரிலிருந்து அழைப்பதற்கு அனுமதி கேட்டு நான் கொடுத்த கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஒன்றில் விரலை வைத்து நிறுத்தினார்.

"பெடியன்ரை பிறப்புப் பத்திரத்திலை தகப்பன் காலமானவர் எண்டு கிடக்கு."

"அது ஊரிலை பிழையாய்ப் பதிஞ்சது. சண்டைக் காலத்திலை என்ரை கடிதம் ஒண்டும் போகேல்லை. நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு மச்சான் அப்பிடிச் சொல்லிப்போட்டார்."

"இருக்கலாம். எழுத்திலை உள்ளதை நான் மாத்தேலாது."

"நான் உங்களுக்கு முன்னாலை நிக்கிறன்."

"நிக்கிற ஆள் ஆரெண்டு எனக்கென்ன தெரியும்? இதிலை தகப்பன் பேர் சூசைப்பிள்ளை. உங்கடை றெயில்வேக் கடிதத்திலை யோசேப்புப்பிள்ளை."

"சூசையும் யோசேப்பும் ஒண்டுதான்."

"அது உங்கடை கோயிலிலை," என்றார். பிறகு, "யாழ்ப்பாணத்திலை எவடம்?" என்று கேட்டார். குருநகர் என்றேன். "ஓ" என்றார். அந்த ஓர் எழுத்துக்குள் எங்கள் கடற்கரை, எங்கள் மீன், எங்கள் சாதி எல்லாம் அடங்கியிருந்தன. மலாயாவுக்கு வந்த நாள் முதலாக இந்த 'ஓ'வைக் கேட்டு வருகிறேன். கடைசியில் அவர், பதிவைத் திருத்தி ஊரிலிருந்து புதுப் பத்திரம் எடுப்பியுங்கள் என்று கடதாசிகளைத் திருப்பித் தந்தார். அதாவது, நான் உயிரோடிருப்பதை யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரி ஒத்துக்கொண்டால்தான் கோலாலம்பூர் ஒத்துக்கொள்ளும்.

தைப்பிங்குக்குத் திரும்பிவந்தால், றெயில்வே வீட்டுக் கதவடியில் குருநகர்ச் சுவாமியாரின் கடிதம் கிடந்தது. கோயில் மாதப் பத்திரிகைக்கு நான் ஒரு கட்டுரை எழுதவேண்டுமாம். 'யுத்தத்தின் இருளில் சேசுநாதர் உம்மைக் கைபிடித்து நடத்திய விதத்தை விசுவாசிகள் அறிய ஆவலாயிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கடிதத்தை வாசித்தபோது எனக்கு வந்தது கோபம். எந்தக் கை? எந்த இடத்தில் பிடித்தது? வருகிற வியாழக்கிழமையோடு என் மனைவி திரேசம்மா கப்பலேறி ஐந்து வருடம். அவள் வயிற்றில் போன பிள்ளை இப்போது ஓடித் திரிகிறான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை.

எழுதத்தான் போகிறேன். அழகான கட்டுரையாக வராது. கந்தோர் வேலை முடிந்து கிடைக்கிற நேரத்தில் துண்டு துண்டாக எழுதுகிறேன்.

2

ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்றாம் ஆண்டில் நாங்கள் மூன்று பேர் இந்த வீட்டில் இருந்தோம். நான், திரேசம்மா, பதினொரு வயது மகள் பிலோமினா. பிலோமினாவுக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மறுபடி திரேசம்மா முழுகாமல் இருந்தபோது, டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மனிசியை ஊருக்கு அனுப்பித் தாய் வீட்டில் படுக்கையில் வைத்துப் பார்த்தால்தான் இந்தப் பிள்ளையாவது மிஞ்சும் என்றார்.

அவளை அனுப்புவதில் சிக்கல் இல்லை. கேள்வி பிலோமினாவைப் பற்றியது. தாயோடு அனுப்பினால் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம் ஒரு வருடமாவது நிற்கும். அவள் வகுப்பில் முதல் பிள்ளை. அவளை இங்கே நிறுத்தினால் தாயைப் பிரியவேண்டும்.

திரேசம்மா, "அவளும் என்னோடை வரட்டும்" என்றாள். நான், "சேசுவிட்டைக் கேப்பம்" என்றேன்.

நாங்கள் கேட்கிற விதம் திருவுளச்சீட்டு. குருநகரில் கரைவலைக்காரர் எந்த நாள் யாருக்கு எந்த இடம் என்று தீர்ப்பதற்குச் சீட்டுப் போடுவார்கள். என் தகப்பனாரும் போடுவார். வலைக்கு மட்டுந்தான், காற்று மாறியிருக்கும் நாளில் கடலுக்குப் போவதா விடுவதா என்று அவர் ஒருநாளும் சீட்டுப் போட்டதில்லை. 'சேசுவே, இரட்சியும்' என்று சிலுவை போட்டுவிட்டு மேற்கே வானத்தைப் பார்ப்பார், கூட்டாளியைக் கேட்பார், சரியில்லையென்றால் வீட்டுக்கு வந்து வலை பொத்துவார். படித்த மகனாகிய நான்தான் அந்தச் சீட்டை வாழ்க்கைக்குக் கொண்டுவந்தேன்.

இரண்டு துண்டுக் கடதாசியில் 'போக' என்றும் 'நிற்க' என்றும் எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு புளியங்கொட்டையில் சுற்றி, பிஸ்கற் பேணி ஒன்றில் போட்டுக் குலுக்கினேன். திருவிருதயப் படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்று எடுத்தேன். 'நிற்க' என்று வந்தது. குசினிக்குப் போய்த் திரேசம்மாவிடம் சொன்னேன்: "பிள்ளை நிக்கட்டுமாம். சேசு சொல்லிப்போட்டார்."

அவள் அடுப்பைப் பார்த்தபடி, "சரி" என்றாள்.

பினாங்குத் துறைமுகத்தில் அவள் ஏணியில் ஏறும்போது பிலோமினா அழவில்லை. சேசு சொன்னதால் அழக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். இது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மாதத்தில் சண்டை வந்தது. கடிதம் நின்றது. கப்பல் நின்றது.

3

யப்பானியர் காலத்தைப் பற்றி ஊரில் பலர் எழுதியிருப்பார்கள். பசி, மரவள்ளிக்கிழங்கு, கன்னத்தில் அறை. எங்களுக்கும் அவை எல்லாம் கிடைத்தன. நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நாற்பத்துமூன்றாம் ஆண்டில் ஒரு காலை, தாய்லாந்தாகிய சீயத்தில் போடுகிற புது ரயில் பாதைக்குப் போகவேண்டியவர்களின் பெயர்களை ஸ்டேசன் சுவரில் ஒட்டினார்கள். கிளாக்கர்மாரில் என் பெயரும் இருந்தது. இரண்டு நாளில் புறப்படவேண்டும். பிலோமினாவுக்குப் பதின்மூன்று வயது. கன்னியாஸ்திரிகளின் மடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் தங்கள் பெண்பிள்ளைகளையே ஒளித்து வைத்திருந்தார்கள்; இன்னொருத்தியை ஏற்க யாருக்கும் தைரியம் இல்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன்.

திருவிருதயப் படத்துக்கு முன்னால் விழுந்தேன். இந்த முறை சீட்டு இல்லை. எழுதுவதற்கு இரண்டு வழி இருந்தால்தானே சீட்டு? 'சேசுவே, ஒரு வழியாவது காட்டும்' என்று கேட்டேன். விடியற்காலையிலிருந்து மத்தியானம் மட்டும் கேட்டேன். ஒன்றும் வரவில்லை. ஒரு வார்த்தை, ஒரு எண்ணம், மனதில் ஒரு அமைதி? ஒன்றுமே இல்லை. படத்தில் அவர் தம் இருதயத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

எழும்பித் திரும்பினால், பிலோமினா தன் இரண்டு கவுனையும் செபமாலையையும் ஒரு துவாயில் கட்டிவைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

"எங்கை பிள்ளை வெளிக்கிட்டிருக்கிறாய்?"

"மக் லீமா வீட்டை."

மக் லீமா ரயில் கேற்றடியில் வாழைப்பழப் பொரியல் விற்கிற மலாய்க்காரி. விதவை. அவளுடைய கம்பம், அதாவது மலாய்க் கிராமம், வயலுக்கு அந்தப் பக்கம்.

"ஆர் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் போய்க் கேட்டனான். வா எண்டவ."

கோயில் மூப்பர் ஓடிவந்தார். "சூசைப்பிள்ளை, பிள்ளையை அங்கை விட்டால் திரும்பி எங்கடை வேதத்துக்கு வராது. யோசிச்சுச் செய்." நான், "நீங்கள் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டேன். அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார்.

சீயத்தில் பதினான்கு மாதம் இருந்தேன். இறந்தவர்களின் பெயர் எழுதுவது என் வேலை. தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த தமிழ்ச் சனம். பெயர் கேட்பதற்கு முன்பே பலர் போய்விடுவார்கள், பக்கத்தில் கிடப்பவர், "ராமசாமின்னு கூப்பிடுவோம்" என்பார், அதை எழுதுவேன். எனக்கும் காய்ச்சல் வந்தது. மானிப்பாயைச் சேர்ந்த கந்தையர் என்ற, மருந்து கட்டுகிற டிரெசர், சைவப்பழம், தன் பங்குக் கஞ்சியை எனக்குப் பருக்கினார். அவர் இல்லையென்றால் என் பெயரையும் யாரோ எழுதியிருப்பார்கள். அங்கே நான் செபம் செய்தேனா என்று கேட்டால், செய்தேன். பெரும்பாலும் சண்டை பிடித்தேன். வழி கேட்டவனுக்கு வாய் திறக்காத வழிகாட்டி என்ன வழிகாட்டி என்று கேட்டேன்.

திரும்பிவந்தபோது மக் லீமாவின் முற்றத்தில் சாறம் கட்டிய ஒரு பெண்பிள்ளை நெல் குத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து மலாயில், யார் வேண்டும் என்று கேட்டது. குரலை வைத்துத்தான் மகள் என்று கண்டுபிடித்தேன்.

பிறகு கோயில் மூப்பரே வந்து சொன்னார். அந்த மலாய்க்காரி ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கோயில் வாசலுக்குக் கூட்டிவந்து, பூசை முடியும்வரை வெளியே மரத்தடியில் காத்திருந்து, திரும்பக் கூட்டிப்போவாளாம். "ஆனால் சூசைப்பிள்ளை," என்றார் மூப்பர், "பிள்ளை உள்ளுக்கு வாறதில்லை. வாசல்படியிலை இருந்திட்டுப் போகும்."

4

பிள்ளைகள் கையை விட்டுப் போவது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. பிலோமினாவுக்கு இப்போது பதினாறு வயது. என்னோடு தமிழில்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "அப்பா, சோறு சுடா" என்பாள். சுடாத சோற்றை ஏன் போடுகிறாய் என்று முதலில் சத்தம் போட்டேன். ஆகிவிட்டது என்பதற்கு மலாயில் சொல்கிற சொல் அது.

கடிதப் போக்குவரத்துத் திறந்ததும், தாய்க்கு நீயே எழுது என்று அவளை இருத்தினேன். ஒரு மணித்தியாலம் இருந்து ஐந்து வரி எழுதினாள். நான் பார்க்காமல் ஒட்டி அனுப்பினேன். பதில் எனக்குத்தான் வந்தது. நெருப்பு.

'பிள்ளை கடைசியிலை அம்மா ரெண்டு எண்டு எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழையோடை எண்டாலும் விளங்குது. மற்ற அம்மா ஆர்? உங்களுக்காக நான் இஞ்சை ஊரோடை சண்டை பிடிச்சன். நீங்கள் செத்துப்போனியள், பூசை வைப்பம் எண்டு அண்ணை நிண்டார். சேசு எனக்கு ஒண்டும் சொல்லேல்லை, சொல்லுமட்டும் பூசை வைக்கமாட்டன் எண்டு நான் நிண்டன். இதுக்குத்தானோ?'

பிலோமினா எழுதியது 'அம்மா, ரிண்டு'. காணாமல் மனம் ஏங்குகிறது என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் அந்த மலாய்ச் சொல்தான். தமிழில் அதற்கு ஒரு சொல் கேட்கக்கூட அவள் என்னிடம் வரவில்லை. நான் விளக்கி எழுதினேன். மக் லீமாவைப் பற்றியும் எழுதினேன். ஆனால் இவை போய்ச் சேர்ந்து பதில் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வாரந்தான் நான் அவளைக் கேட்டேன்: "ஏன் பிள்ளை பூசைக்கு வாறாயில்லை? எத்தினை ஆபத்திலையிருந்து சேசு உன்னைக் காப்பாத்தினவர்."

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அவர்தானே என்னை அம்மாவிட்டையிருந்து பிரிச்சவர்" என்றாள்.

"என்ன கதை இது?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். சேசு நிக்கச் சொன்னவர் எண்டு. நான் என்ன பிழை செய்தனான்? எனக்குப் பதினொரு வயது. அம்மா வேணும் எண்டு அவருக்குத் தெரியாதோ? அவரோடை எனக்குக் கதை இல்லை."

நான் மறைத்ததை இனி எழுதத்தான் வேண்டும். மேலே இரண்டாம் பகுதியில் நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் முழுவதும் உண்மையும் இல்லை.

முதலில் எடுத்த சீட்டில் 'போக' என்று இருந்தது.

எனக்குப் பிடிக்கவில்லை. சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மறுபடி போட்டுக் குலுக்கினேன். 'நிற்க' என்று வந்தது. ஒன்றுக்கு ஒன்று ஆயிற்றே, மூன்றாவதைப் பார்ப்போம் என்று எடுத்தேன். 'நிற்க'. அதைத்தான் கொண்டுபோய்ச் சேசு சொன்னார் என்றேன்.

பள்ளிக்கூடத்துக்காக மட்டும் அவளை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மார் கூடுகிற இடத்தில் அவளை நிறுத்தி இங்கிலீசில் பேச வைப்பேன். வெள்ளைக்காரப் பிள்ளைபோலப் பேசுவாள். 'குருநகரோ, ஓ' என்றவர்களின் முகம் மாறுவதைப் பார்ப்பேன். அந்த இன்பத்தை ஒரு வருடம் இழக்க எனக்கு மனம் இல்லை. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, அதைச் சேசுவின் தலையில் வைத்தேன். முதலில் வந்த சீட்டுத்தான் அவருடைய சித்தமா என்றும் எனக்குத் தெரியாது. புளியங்கொட்டைக்கு என்ன தெரியும்? என் ஆசையை நான் எடுத்துக்கொண்டு அவர் கையெழுத்தைப் போட்டேன் என்பது மட்டும் தெரியும்.

இவ்வளவையும் பிலோமினாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது மடித்த உடுப்பு எல்லாம் அவள் மடியில் குலைந்து கிடந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் எழும்பி யன்னலடிக்குப் போனாள்.

"அப்ப அவர் ஒண்டும் செய்யேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

"அஞ்சு வருசம் நான் அவரோடை கதைக்கேல்லை. நீங்கள் செய்த வேலைக்கு." பிறகு, "பாவம் அவர்," என்றாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள்.

5

சுவாமியார் இதை அச்சில் போடுவாரோ தெரியாது. போடாவிட்டாலும் நிறுத்துகிற எண்ணம் இல்லை.

மகளிடம் சொன்னதைத் திரேசம்மாவுக்கும் எழுதினேன். என் சாவைத் திருத்திப் பத்திரம் எடுக்கச் சொல்லியும் அதே கடிதத்தில் எழுதவேண்டியிருந்தது. ஒரு மனிதன் தான் செய்த மோசத்தையும், தனக்கு உயிர் எடுத்துத் தரும்படியும் ஒரே தபாலில் எழுதுவதைப்போல ஒரு கேவலம் இல்லை. மார்கழியில் நத்தார்ப் பண்டிகையும் போயிற்று. பதில் இல்லை. கோலாலம்பூருக்கு இன்னும் இரண்டு தரம் போய், அதே மனிதரிடம் அதே பதிலைக் கேட்டுத் திரும்பினேன்.

தை மாத முடிவில் தடித்த உறை ஒன்று வந்தது. புதுப் பிறப்புப் பத்திரம் உள்ளே இருந்தது. 'காலமானவர்' என்ற சொல் இல்லை. கூடவே திரேசம்மாவின் கடிதம். அவள் பேசுகிறபடியே எழுதுகிறவள், அப்படியே தருகிறேன்.

'கச்சேரியிலை, உங்கடை புருசன் உயிரோடை இருந்தால் நேரிலை வந்து சொல்லட்டும் எண்டாங்கள். வாறதுக்குத்தான் ஐயா இந்தக் கடதாசி எண்டு சொன்னன். விளங்கேல்லை. அண்ணை, தான் சொன்னதை மாத்திச் சொன்னால் மறியலிலை பிடிச்சு அடைப்பாங்களோ எண்டு பயந்து ஒளிச்சிட்டார். பிறகு, ஊருக்குத் திரும்பிப் போட்டார் எண்டு நீங்கள் எழுதின மானிப்பாய் மனிசன்ரை ஞாபகம் வந்தது. பெடியனையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸிலை போனன். ஆஸ்பத்திரியடியிலை இறங்கி, சீயத்திலையிருந்து வந்த டிரெசர் கந்தையர் வீடு எது எண்டு ஒவ்வொருதரா விசாரிச்சன். என்னைக் கண்டதும் அந்த மனிசன், சூசைப்பிள்ளையின்ரை பெண்சாதியோ, உன்ரை மனிசனுக்குக் கஞ்சி பருக்கின கை இது எண்டு காட்டினார். அண்டைக்கே வெளிக்கிட்டு வந்து, கச்சேரியிலை சத்தியக் கடதாசி முடிச்சுத் தந்தார். தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை.

சீட்டைப்பற்றி எழுதியிருந்தியள். எனக்கு அது அண்டைக்கே தெரியும். நான் குசினியிலை நிண்டனான். பேணி மூண்டு தரம் குலுங்கினது கேட்டது. ஒருக்கால் குலுக்கினால் ஒரு சீட்டு. மூண்டு தரம் ஏன் குலுங்குது எண்டு கேக்க என்ரை நாக்கு நுனியிலை வந்தது. கேக்கேல்லை. ஏனெண்டால் பிள்ளை அங்கை படிச்சு ரீச்சராய் வந்தால், மீன்காரி மகள் எண்டு என்னைச் சொன்ன சனத்தின்ரை வாயை அடைக்கலாம் எண்டு எனக்கும் உள்ளுக்கை ஒரு ஆசை இருந்தது. அதாலை நீங்கள் பொய் சொன்னது எனக்கும் வசதியாய்ப் போச்சு. கப்பலிலை முழுக்க இதை நினைச்சு அழுதனான். உங்களிலை எனக்குக் கோபம். என்னிலையும் கோபம். சேசுவிலை இல்லை.

நீங்கள் அவரிட்டை வருசக்கணக்கைக் கேக்கிறியள். எனக்கு அவர் ஒருநாளும் நாளைக்கு நடக்கிறதைச் சொல்லேல்லை. பிள்ளை பிறக்கேக்கையும் சொல்லேல்லை. நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டும் சொல்லேல்லை. காலமை எழும்பி, ஆண்டவரே இண்டைக்கு என்ன எண்டு கேப்பன். இண்டைக்கு ஆரிட்டைப் போகவேணும், எதைச் செய்யவேணும் எண்டு அவ்வளவு மட்டும் விளங்கும். சிலநாள் அதுவும் விளங்காது. அண்டைக்கு மீனை வெட்டிக் கழுவுறன். மானிப்பாய் பஸ்ஸிலை ஏறச் சொல்லி ஆர் சொன்னது எண்டு நினைக்கிறியள்?'

இதை வாசித்து எனக்கு ஆறுதல் வந்தது என்று எழுதினால் சுவாமியாருக்குப் பிடிக்கும். எனக்கு வந்தது பொறாமை. எனக்குக் கல்லூரியில் வேதபாடத்தில் பரிசு தந்தார்கள். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் வானத்தைப் பிளந்து பதில் கேட்டுக்கொண்டிருக்க, அவள் பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறாள்.

பத்திரத்தைக் கோலாலம்பூருக்குக் கொண்டுபோனேன். சூசையையும் யோசேப்பையும் ஒன்றாக்க இன்னுமொரு கடிதம் கேட்டார்கள். தைப்பிங்குச் சுவாமியார் எழுதித் தந்தார். சித்திரையில் அனுமதி வந்தது.

6

பினாங்குத் துறைமுகத்துக்கு நானும் பிலோமினாவும் போனோம். திரேசம்மா ஏணியால் இறங்கிவந்தாள். மெலிந்து, முன்பக்கம் நரைத்திருந்தாள். கையில் பிடித்திருந்த பையன் என்னை மேலும் கீழும் பார்த்து, "அம்மா, இவர்தானோ செத்த அப்பா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கப் போனேன், தாயின் சீலைக்குள் ஒளிந்துகொண்டான்.

தாயும் மகளும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எண்ணியிருந்தேன். இரண்டு பேரும் சந்தையில் சந்தித்தவர்கள்போல நின்றார்கள். பதினொரு வயதில் விட்டுப்போன பிள்ளை தன்னைவிட உயரமாக நிற்பதைத் திரேசம்மா பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லையோ?" என்றாள். பிலோமினா, "வைப்பன் அம்மா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் ரயிலில் அவள் தலை தாயின் மடியில் இருந்தது. திரேசம்மா பைக்குள்ளிருந்து எண்ணெய்ப் போத்தலை எடுத்து, ரயில் குலுங்கக் குலுங்க வாரிக்கொண்டே வந்தாள்.

வந்த இரண்டாம் நாள் திரேசம்மா கேற்றடிக்குப் போய் மக் லீமாவைப் பார்த்தாள். ஒருத்தியின் பாஷை மற்றவளுக்குத் தெரியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கிழங்கு ஒடியலையும் கருவாட்டையும் கொடுத்தாள். மக் லீமா பொரியலைக் கட்டிக் கொடுத்தாள். இரண்டு பேரும் தடாகம்போலக் கண் நிறைந்து, மாறி மாறிப் பிலோமினாவின் தோளைத் தட்டினார்களாம். பையன் வந்து சொன்னான், நான் பார்க்கவில்லை.

இப்படியே முடிந்திருந்தால் இது நல்ல கட்டுரை. ஆனால் ஆனி மாதத்தில் பிலோமினாவுக்குக் கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. தாதிப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள், மூன்று வருடம், அங்கேயே தங்கவேண்டும். என்னிடம் கேட்காமல் எழுதிப்போட்டிருக்கிறாள். ஐந்து வருடம் தாய் இல்லை; தாய் வந்து இரண்டு மாதம்; இப்போது மகள் போகிறாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன விளையாட்டு? நான் சேசுவிட்டைக் கேட்டுத்தான் சொல்லுவன்" என்று எழும்பினேன்.

திரேசம்மா கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "இருங்கோ. பிள்ளையிட்டைக் கேட்டனீங்களோ?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

"கேளுங்கோ."

கேட்டேன். வேண்டாவெறுப்பாகத்தான் கேட்டேன். பிலோமினா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போகவேணும் அப்பா. அம்மாவை விட்டிட்டுப் போகப் பயமாயும் கிடக்கு. நீங்கள் சீயத்தாலை வந்து காய்ச்சலிலை கிடக்கேக்கை எனக்கு ஒண்டும் செய்யத் தெரியேல்லை. துணியை நனைச்சு நனைச்சுப் போட்டன். அது காணாது." பிறகு, "சேசுவிட்டை நான் கேட்டிட்டன்," என்றாள்.

"என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் இப்ப நாங்கள் கதைக்கிறம்."

நான் திரேசம்மாவைப் பார்த்தேன். உனக்கு என்ன என்று கேட்டேன். "எனக்கு விட விருப்பமில்லை," என்றாள். "அவள் போகட்டும்." சொல்லிவிட்டு அகப்பையை எடுத்து, பானைக்குள் இருந்ததை அடிபிடித்ததுபோலச் சுரண்டினாள். அடிபிடித்திருக்கவில்லை.

சென்ற திங்கட்கிழமை ஸ்டேசனுக்குப் போனோம். பையன் அக்காளின் பெட்டியைத் தூக்கப் போய் முடியாமல் அழுதான். நான் இந்த ஸ்டேசனில் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். அந்தக் காலை வண்டி நேரத்துக்குப் புறப்பட்டதை விரல் விட்டு எண்ணலாம். இன்றைக்கும் பிந்தட்டும், அரை மணித்தியாலமாவது பிந்தட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

பிலோமினா யன்னலால் கையை நீட்டினாள். தாய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் ஏதாவது செபம் சொல்லவேண்டும் என்று பார்த்தேன். போவது சரியா பிழையா என்று கேட்க வாய் எடுத்தேன், கேட்கவில்லை. இந்தப் பிள்ளையோடு நீரும் ஏறும், நான் வரமுடியாது, என்று மட்டும் சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன். அவர் ஏறினாரா என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏறியிருப்பார் என்று நம்புகிறேன்.

வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது.